ஆறாம் கட்டத்தை மட்டும் வாசித்த பையன்

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். பல ஆண்டுகள் ஒன்பது, பத்து என்று மேல் வகுப்புகளிலேயே ஓடிவிட்டது. 2024 ஜூனில் எங்கள் எச்.எம். அம்மா, "இந்த வருசம் ஆறாம் வகுப்பை நீங்க பாத்துக்கங்க சார்" என்றபோது, கொஞ்சம் ஓய்வு கிடைத்தது என்றுதான் நினைத்தேன். பொதுத்தேர்வு கிடையாது. எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி. அப்படி என்ன பெரிய வேலை இருந்துவிடப் போகிறது?

மூன்றாவது வாரத்தில் புகார்கள் வர ஆரம்பித்தன. மூன்றாவது பெஞ்சு ஓரத்தில் ஒரு பையன். ஒரு நாளும் முழுசாக நோட்டுப் புத்தகம் கொண்டுவருவதில்லை. திங்கட்கிழமை தமிழ் மட்டும் இருக்கும், செவ்வாய்க்கிழமை கணக்கு மட்டும் இருக்கும். அறிவியல் டீச்சர், "ஒரு நாள் கொண்டுவர்றான், மறுநாள் இல்லங்கிறான். கேட்டா முழிக்கிறான் சார்" என்றார். அந்த வியாழக்கிழமை நானே பையைத் திறந்து பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு அவனை இரண்டு பீரியட் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன்.

சாயங்காலம் மணி அடித்தபிறகு அவனைக் கால அட்டவணை முன்னால் கூட்டிப்போனேன். "இன்னைக்கு என்னென்ன பாடம், வாசி பார்ப்போம்" என்றேன். அவன் வியாழன் என்ற வரியில் விரலை வைத்தான். அப்படியே நகர்த்தி, மேலே 6 என்று போட்டிருந்த கட்டத்தில் நிறுத்தினான். "விளையாட்டு சார்."

"மத்ததெல்லாம்?"

"அதெல்லாம் மத்த கிளாஸுக்கு சார்."

எனக்குப் புரியவே சிறிது நேரம் ஆனது. அவன் வந்தது ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியிலிருந்து. அங்கே சுவரில் தொங்கும் அட்டவணையில் மேலே 1, 2, 3, 4, 5 என்று போட்டிருந்தால் அது வகுப்பு. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பையும் பார்ப்பதால், எந்த நேரத்தில் எந்த வகுப்புக்கு என்ன பாடம் என்றுதான் அதில் எழுதியிருப்பார்கள். எங்கள் அட்டவணையில் மேலே 1 முதல் 8 வரை போட்டிருப்பது பீரியட் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்புப் பையன் ஆறாவது கட்டத்தைப் பார்த்து, அதில் இருந்த பாடத்தை ஒரு நாள் தவறாமல் கொண்டுவந்திருக்கிறான். சொல்லப்போனால் அந்த வகுப்பிலேயே அட்டவணைப்படி நடந்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் அட்டவணையைப் பார்க்கவே இல்லை, பயத்தில் எல்லாவற்றையும் சுமந்து வந்தார்கள்.

மறுநாள் எச்.எம். அம்மாவிடம் இதை வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டு பீரியட் வெளியே நிக்க வச்சீங்களே, அது எந்தப் பிரிவுல வருதுன்னு தெரியுமா சார்?" என்று கேட்டார். குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. உடலை வருத்தும் தண்டனையும் கூடாது, மனத்தைத் துன்புறுத்துவதும் கூடாது. மீறினால் ஆசிரியர்மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம். சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, பயிற்சி வகுப்புகளில் எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அடிப்பதில்லை என்பதால் நான் சட்டப்படி நடப்பவன் என்று நினைத்திருந்தேன். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பார்க்கும் வராந்தாவில் பத்து, பதினோரு வயதுப் பையனை எண்பது நிமிடம் நிற்க வைப்பது அதில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பாடம் நடத்தவில்லை. அட்டவணையை எப்படி வாசிப்பது என்று 34 பேருக்கும் சொல்லிக்கொடுத்தேன். பதினோரு பேருக்கு அது தெரியவில்லை. ஒருவன் என்று நினைத்தது பதினோரு பேர்.

பெற்றோர்கள் பலரும், ஏன் ஆசிரியர்களுமே, ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்குப் போவது ஒரு படி ஏறுவது என்றுதான் நினைக்கிறோம். பிள்ளைக்கு அது வேறு ஊருக்குக் குடிபோவது மாதிரி. அதுவரை ஒரே டீச்சர். அவருக்கு இவன் வீடு தெரியும், அப்பத்தா பேர் தெரியும், எந்தக் கையால் எழுதுவான் என்று தெரியும். நோட்டு, பென்சில் எல்லாம் பள்ளி அலமாரியிலேயே கிடக்கும். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழுவாக உட்கார்ந்து, பயிற்சிப் புத்தகத்திலேயே விடையை எழுதிப் பழகியிருப்பார்கள். இங்கே வந்தால் நாற்பது நிமிடத்துக்கு ஒரு முகம். ஒருவர் கோடு போட்ட நோட்டு கேட்பார், ஒருவர் கட்டம் போட்டது, இன்னொருவர் நான்குவரி. முதல் வாரம் ஐந்தாறு பேர் கணக்குப் பாடப் புத்தகத்திலேயே விடை எழுதிக் கொண்டுவந்தார்கள். "புத்தகத்துல ஏன்டா எழுதின?" என்று கத்தினேன். போன வருடம்வரை அதைத்தானே நல்ல பழக்கம் என்று பாராட்டியிருக்கிறார்கள்.

காலைச் சாப்பாட்டு விஷயம் எனக்கு இன்னும் தாமதமாகத்தான் உறைத்தது. எங்கள் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இரண்டாவது பீரியடில் டெஸ்க்கில் தலை சாய்த்துவிடும். ராத்திரி டி.வி. பார்த்திருக்கும் என்று நினைத்தேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அதாவது, இந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் தினமும் காலையில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுப் பாடம் படித்தது. ஏப்ரலோடு அது நின்றது. அம்மா விடியக்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் போய்விடுவார். இது ஏழே முக்காலுக்கு டவுன் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்து, மதியச் சத்துணவு வரை தாக்குப்பிடிக்க வேண்டும். பசிக்கிற பிள்ளையிடம் கவனம் இல்லை என்று மூன்று மாதம் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது வகுப்பில் ஒரு தகர டின்னில் பொட்டுக்கடலையும் வெல்லமும் இருக்கும். காலை இடைவேளையில் வேண்டியவர்கள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். மாதச் செலவு நான் பயந்த அளவுக்கு ஆகவில்லை. திட்டத்தை எட்டாம் வகுப்பு வரை நீட்ட வேண்டும் என்று எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு அம்மா எழுந்து சொன்னார், தீர்மானமும் போட்டோம்.

பள்ளி மேலாண்மைக் குழு என்றதும், அது எச்.எம். கையெழுத்து வாங்குகிற சடங்கு என்றே பல பெற்றோர் நினைக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்பதை ஆசிரியர்கள் சொன்னால் அது கோரிக்கை. குழுவில் பெற்றோர் பேசிப் பதிவேட்டில் ஏறினால் அதன் கனமே வேறு. போய் உட்காருங்கள். டீ தருவார்கள்.

சரி, உரிமைகளுக்கு வருகிறேன். ஜூலையில் ஒரு நாள் கரும்பலகையில் 'உங்களுக்கு என்னென்ன உரிமை இருக்கு?' என்று எழுதி, ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். சிவகாசி பிரஸ்ஸில் வேலை பார்க்கும் ஒரு அப்பா, நோட்டு வெட்டும்போது விழுகிற தாள் பட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாச் சீட்டும் அந்த மூட்டையிலிருந்து வந்தவைதான். பாதிப் பேர் 'நல்லா படிக்கணும்', 'சார் சொல்றத கேக்கணும்' என்று எழுதியிருந்தார்கள். உரிமை என்று கேட்டால் கடமையை எழுதுகிற பிள்ளைகள். ஒரு சீட்டில், 'எங்க பி.டி. பீரியட யாரும் கடன் வாங்கக் கூடாது' என்று இருந்தது. அந்த வாரம் கடன் வாங்கியவன் நான்தான். குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது, இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. கணக்கு வாத்தியார்கள்தான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

இன்னொரு சீட்டில், 'ஒன்னுக்கு போக விடணும்' என்று மட்டும் இருந்தது. வகுப்பு நேரத்தில் கழிப்பறைக்கு விடுவதில்லை என்பது என் பழைய விதி. ஒன்பது, பத்தில் ஊர் சுற்றப் போகிறார்கள் என்பதற்காக வைத்தது. அதை அப்படியே பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளிடமும் கொண்டுவந்துவிட்டேன். எச்.எம். அம்மா விசாரித்ததில், சில பெண் பிள்ளைகள் இதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்று தெரிந்தது. ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்பது பலருக்கும் மாதவிடாய் தொடங்குகிற வயது. ஆண் ஆசிரியரிடம் எழுந்து நின்று, காரணம் சொல்லி, அனுமதி வாங்கு என்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? அன்றிலிருந்து கதவோரம் ஆணியில் இரண்டு மரக்கட்டைகள் தொங்குகின்றன. எடுத்துக்கொண்டு போகலாம், வந்ததும் மாட்டிவிட வேண்டும். கேட்க வேண்டியதில்லை. கட்டை இல்லையென்றால் யாரோ வெளியே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம், அவர் வரும்வரை அடுத்தவர் காத்திருப்பார். முதல் வாரம் கட்டைகள் ஓயவே இல்லை. இரண்டாவது வாரம் ஓய்ந்துவிட்டன. நாப்கின் எந்த டீச்சரிடம் இருக்கிறது, எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை அறிவியல் டீச்சர் பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லிவிட்டார்.

நான் பிள்ளைகளுக்கு எழுதிப்போட்ட உரிமைகள் பெரிய பட்டியல் ஒன்றும் இல்லை. யாரும் உன்னை அடிக்கக் கூடாது, சாதியையோ நிறத்தையோ அப்பா தொழிலையோ சொல்லித் திட்டக் கூடாது. புரியாவிட்டால் மறுபடி கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் உன் பாடப் புத்தகம், நோட்டு, சீருடை, பஸ் பாஸ், சத்துணவு எதற்கும் பணம் கிடையாது, யாராவது கேட்டால் வீட்டில் சொல். உன் உடம்பை யாராவது தொட்டது பிடிக்கவில்லை என்றால் என்னிடமோ உனக்குப் பிடித்த எந்த டீச்சரிடமோ சொல். எங்களிடம் சொல்ல முடியாவிட்டால் 1098 என்ற சைல்டுலைன் எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கின்றன. இரண்டு எண்களையும் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைத்தேன். "எங்க சார் கணக்கு சரியாச் சொல்லித்தரலன்னாலும் கூப்பிடலாமா?" என்று ஒருவன் கேட்டான். கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டேன்.

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு அப்பா எழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும் சார், கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க, நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றார். கூட்டம் சிரித்தது. என் அப்பாவும் இதே வார்த்தையை என் வாத்தியாரிடம் சொன்னவர்தான். அடி வாங்கித்தான் நான் கணக்கு படித்தேன் என்று நானும் பல காலம் பெருமை பேசியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், என்னோடு அடி வாங்கிய ஏழெட்டுப் பேர் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள். அவர்கள் யாரும் மேடையேறிப் பெருமை பேசுவதில்லை. அந்த அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் சமாதானம் ஆனாரா தெரியாது. "அப்ப எப்படித்தான் சார் திருத்துறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

எங்களிடம் பலித்தது என்ன, பலிக்காதது என்ன என்று சொல்கிறேன்.

பலிக்காதது முதலில். பாடத்துக்கு ஒரு நிறத்தில் அட்டை போடச் சொன்னேன். கலர் அட்டைக்குக் காசு கேட்டு வீடுகளில் சண்டை. கைவிட்டேன். வீட்டுப்பாட டைரி போடச் சொன்னேன். அதைக் கொண்டுவர மறந்தார்கள், எழுத மறந்தார்கள், பிறகு டைரி எழுதாததற்கும் திட்டு வாங்கினார்கள். ஒழுங்கு வரட்டும் என்று கொடுக்கிற சாமான் இன்னொரு சுமையாகிவிடுவது பெரியவர்களுக்கும் நடக்கிறதுதான். என் மேசை டிராயரில் மூன்று காலி டைரிகள் இருக்கின்றன.

பலித்தது தாள் பட்டை. தினமும் கடைசி ஐந்து நிமிடம் யாரும் பாடம் நடத்தக் கூடாது என்று மற்ற ஆசிரியர்களிடம் கெஞ்சி வாங்கினேன். பிள்ளைகள் ஒரு பட்டையை எடுத்து, நாளைக்குக் கொண்டுவர வேண்டிய நோட்டுகளின் பெயரை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவார்கள். கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வீட்டுப்பாடம். பட்டை சட்டைப் பையில் போகும், பெண் பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸில் வைப்பார்கள். வீட்டில் ராத்திரிச் சோற்றுக்குத் தட்டு வைப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துப் பையை அடுக்கிவிட வேண்டும். காலையில் அடுக்குவது எங்கள் ஊரில் நடக்காது. காலையில் தண்ணீர் வண்டி வரும், தம்பியைப் பால்வாடிக்கு விட வேண்டும், பஸ் போய்விடும். மறுநாள் வந்ததும் பட்டையைக் கசக்கி எறிந்துவிடலாம். தொலைந்தால் தொலையட்டும், அது பட்டைதானே. டைரி தோற்ற இடத்தில் பட்டை ஜெயித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பதினைந்து நிமிடம் பை கொட்டும் நேரம். பையைக் கவிழ்த்து எல்லாவற்றையும் தரையில் பரப்ப வேண்டும். முதல் வெள்ளியன்று வெளியே வந்தவை: இரண்டு வாரத்துக்கு முந்தைய எலுமிச்சைச் சோற்றின் மிச்சம், பம்பரம், ஐந்தாம் வகுப்புப் புத்தகம், மூன்று ஒற்றைச் செருப்பு வார், ஒரு உயிருள்ள பொன்வண்டு. பள்ளியில் உயரம், எடை பார்க்கிற கருவியில் பைகளை நிறுத்தோம். 28 கிலோ எடையுள்ள பிள்ளை 5 கிலோ 200 கிராம் பையைச் சுமந்துகொண்டிருந்தது. 2020இல் மத்திய அரசு வெளியிட்ட புத்தகப் பைக் கொள்கை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆறு, ஏழாம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ. நம் மாநிலத்தில் 2012இல் முப்பருவ முறை வந்ததே பாடப் புத்தகத்தை மூன்றாகப் பிரித்துச் சுமையைக் குறைக்கத்தான். அந்தப் பிள்ளை ஏன் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள்? "எத கேப்பீங்கன்னு தெரியாது சார்." அட்டவணை வாசிக்கத் தெரியாத பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. அதை விகிதக் கணக்காக மாற்றி எல்லோரையும் போட வைத்தேன். ஆறாம் வகுப்புக் கணக்கில் அவ்வளவு ஆர்வமாக அவர்கள் போட்ட கணக்கு வேறு இல்லை.

வீட்டுப்பாடம்தான் எனக்கும் சக ஆசிரியர்களுக்கும் பெரிய தகராறு. அதே புத்தகப் பைக் கொள்கை வீட்டுப்பாடம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது. நாங்கள் ஐந்து பேர். ஒவ்வொருவரும் "அரை மணி நேர வேலைதான்" என்று கொடுத்தால் இரண்டரை மணி நேரம். எந்த ஆசிரியரும் கொடுமைக்காரர் இல்லை, கூட்டிப் பார்க்க யாரும் இல்லை, அவ்வளவுதான். கரும்பலகையின் வலது ஓரத்தில் ஒரு கட்டம் போட்டேன். வீட்டுப்பாடம் கொடுப்பவர் அதில் பாடத்தையும் எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும் எழுத வேண்டும். 60 ஆனதும் கட்டம் நிறைந்துவிட்டது, அடுத்தவர் நாளைக்குத் தள்ள வேண்டும். "வாத்தியார்களுக்கே கணக்குப் போட ஆரம்பிச்சிட்டாரு" என்று முணுமுணுப்பு வந்தது. கடைசி பீரியட் ஆசிரியருக்கு எப்போதும் இடம் கிடைக்காமல் போனது உண்மைதான். அதனால் வாரத்தில் ஒரு நாள் கட்டத்தை அவருக்கே முழுசாக விட்டோம்.

இந்தப் பிள்ளைகளிடம் நாங்கள் எதிர்பார்ப்பது என்ன என்பதையும் எழுதிப்போட்டோம். தாமதமாக வந்தால் ஓசைப்படாமல் உட்கார், காரணத்தை இடைவேளையில் சொல். வராத நாளின் பாடத்தை யாரிடம் வாங்குவது என்று முதலிலேயே ஒரு துணையைப் பேசிவைத்துக்கொள். ஒவ்வொரு நாளும் எழுதத் தொடங்கும் இடத்தில் தேதி போடு. காப்பியடித்தால் காப்பியடித்தேன் என்று சொல், மறுபடி எழுதலாம். இது ஒவ்வொன்றையும் ஒருமுறை செய்து காட்டினோம். தேதி போடச் சொன்னால் எங்கே போடுவது, பக்கத்தின் எந்த ஓரம் என்பதுவரை. இது கூடவா சொல்லித்தர வேண்டும் என்று எனக்கு முதலில் சலிப்பாகத்தான் இருந்தது. பிறகு அந்த ஆறாம் கட்டம் ஞாபகம் வரும்.

'எல்லோரும் பாஸ்' என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபெயில் ஆக்குவதில்லை என்பது பிள்ளையைப் பயமில்லாமல் படிக்கவிடுவதற்கு. பெற்றோர் பலருக்கு அது 'எட்டாவது வரைக்கும் பாக்க வேண்டாம்' என்று கேட்டிருக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்பில் அதன் பலனைப் பல ஆண்டு பார்த்தவன். பின்னம் தெரியாமல் இயற்கணிதத்துக்கு வந்து நிற்பார்கள். ஆறாம் வகுப்பில் 60 மதிப்பெண் தேர்வு, 40 மதிப்பெண் வகுப்பில் செய்யும் செயல்பாடு, சிறு தேர்வுகளுக்கு. அந்த 40ஐ ஆசிரியர்கள் சும்மா போட்டுவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சில இடத்தில் உண்மையும்கூட. உங்கள் பிள்ளை என்ன செய்து அந்த மதிப்பெண் வாங்கியது என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பெற்றோருக்கு இன்னொன்று. ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே ஒரு பிளாஸ்டிக் ஃபைல் போடுங்கள். பிறப்புச் சான்று, ஆதார் நகல், சாதிச் சான்று, மதிப்பெண் அட்டைகள். ஏன் ஆறாம் வகுப்பு என்றால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாய் என்றுதான் பார்க்கின்றன. ஐந்தாம் வகுப்புவரை கேட்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஏழாம் வகுப்புக்கு மட்டும் பணம் கட்டி மகளை இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளிக்கு மாற்றி, கட்டுப்படியாகாமல் எட்டாம் வகுப்பில் திரும்பி வந்தது. அந்த ஓர் ஆண்டு என்ன செய்துவிட்டது என்று பன்னிரண்டு முடித்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். எல்லோரும் பாஸ்தானே என்று விடுகிற வகுப்பில்தான் இதெல்லாம் ஒளிந்திருக்கிறது.

நடுவில் ஒரு செங்கல் சூளைக் குடும்பத்துப் பையன் டிசம்பரில் வந்தான். மாற்றுச் சான்றிதழ் இல்லை. அது வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. சேர்த்துக்கொண்டோம். அவனுக்கு அட்டவணையை வாசிக்கக் கற்றுக்கொடுத்தது மூன்றாவது பெஞ்சு ஓரத்துப் பையன்தான். "இது கிளாஸ் இல்லடா, பீரியடு" என்று கொஞ்சம் அதிகாரமாகவே சொன்னான்.

இந்த ஆண்டும் எனக்கு ஆறாம் வகுப்புதான். போன மாதம், பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியைத் திறந்தபோது எச்.எம். அம்மா ஒரு பட்டையை எடுத்துச் சிரித்துக்கொண்டே என்னிடம் நீட்டினார். பெயர் போடவில்லை. 'கணக்கு சார் 20 நிமிசம்னு எழுதுறாங்க. எனக்கு 35 ஆகுது. என் பிரண்டுக்கு 40. தங்கச்சிகிட்ட கடிகாரம் பாக்க சொன்னேன். சராசரி 37.5.' கீழே கூட்டி, இரண்டால் வகுத்துக் காட்டியிருந்தது.

கணக்கு சரியாக இருந்தது. மறுநாளிலிருந்து பத்துக் கணக்கை ஐந்தாக்கினேன்.